சிவப்பு மருந்து ஏறும்போது சிஸ்டர் ஏன் நகர்வதில்லை?

கீமோ வார்டில் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. முதலில் சலைன் ஓடவிட்டு, சிரிஞ்சை மெல்லப் பின்னிழுத்து, குழாயில் இரத்தம் தலைகாட்டுகிறதா என்று சிஸ்டர் பார்ப்பார். வந்தால்தான் மருந்து. அதையும் ஒரே மூச்சில் தள்ளமாட்டார். 2 முதல் 5 மில்லி போனதும் நிறுத்தி, மறுபடி இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். ஊசிமுனை இன்னும் இரத்தக்குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே கையில் கிடைக்கும் நல்ல அடையாளம்.

குழாய்க்குள் போகும் மருந்தை ஓடும் இரத்தம் உடனே கரைத்துக் கொண்டுபோய்விடும். வெளியே சதையில் கசிந்தால் கதை வேறு. டாக்ஸோரூபிசின் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல் செத்ததும் மருந்து அழியாமல் வெளியே வந்து பக்கத்துச் செல்லைப் பிடிக்கும். அதனால்தான் முதல் நாள் லேசாகச் சிவந்த இடம், வாரங்கள் கழித்து ஆறாத புண்ணாகிறது. சிலருக்குத் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை வரை போகிறது. புறங்கையையும் முழங்கை மடிப்பையும் விட்டுவிட்டு முன்கையில் ஊசி போடுவதும் இதற்காகத்தான். அந்த இரண்டு இடங்களிலும் தசைநாண்களும் நரம்புகளும் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன.

"எரியுது சிஸ்டர்" என்று சொல்ல நம்மவர்கள் தயங்குவார்கள். கீமோ என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். தயவுசெய்து அப்படிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்; எரிச்சல் கசிவின் அடையாளமாக இருக்கலாம். சிலருக்கு வலியே இல்லாமலும் கசியும் என்பதால்தான் சிஸ்டர் கண்ணை எடுப்பதில்லை.

சரி, கசிந்துவிட்டது என்றால்? மருந்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும். பதற்றத்தில் ஊசியைப் பிடுங்கிவிடக் கூடாது; அதே வழியாக, தேங்கிய மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துவைத்தால் பரவுகிறதா என்பது தெரியும். அப்புறம் ஐஸ் ஒத்தடம்: இரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து பரவாமல் ஓரிடத்தில் நிற்கும். ஆனால் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து கசிந்தால் நேர்மாறு: வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மருந்தைப் பரவவிட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். அதற்கு ஐஸ் வைத்தால் புண் இன்னும் மோசமாகும். எந்த மருந்து ஓடுகிறது என்பதை ஒத்தடத்துக்கு முன் உறுதிசெய்தே ஆக வேண்டும்.

டாக்ஸோரூபிசின் கசிவுக்கு டெக்ஸ்ராசாக்ஸேன் என்ற முறிமருந்து உண்டு. முதல் ஊசியை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே வீட்டுக்குப் போன பிறகு ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ, இரவாயிற்றே என்று பார்க்காமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள். அந்த 6 மணி நேரம், கசிந்த நிமிடத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.