ஸ்டீயரிங்குக்கு லெதர் தைக்கலாம், நடு மூடியில் கை வைக்க விடாதீர்கள்

போன மாதம் கடைக்கு ஒரு கார் வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏழெட்டு மாதம் ஓட்டியிருக்கிறார், ஸ்டீயரிங் வளையத்தில் தையல் பிரிகிறது, புதுசாகத் தைத்துக் கொடுங்கள் என்றார். வளையத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கண் நடுவில் போய்விட்டது. ஹாரன் அடிக்கிற அந்த மூடியின் மேலும் சிவப்பு ரெக்சினை இழுத்து ஒட்டி, ஓரத்தில் அழகுக்கு ஒரு தையலும் ஓட்டியிருந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ செய்துகொண்டது. வேலை என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது, எனக்கு வருத்தமே அதுதான். நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தைத்திருக்கிறார்.

உள்ளே இருப்பது ஏர்பேக். வண்டி மோதினால் அது முழுதாக விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது, நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அவ்வளவு வேகத்தில் பை வெளியே வர வேண்டும் என்பதற்காகவே அந்த மூடியின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கை ஒரு கோடு போல மெலிதாக விட்டிருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. அந்தக் கோட்டில் கிழிந்து மூடி கதவு மாதிரி திறக்க வேண்டும். அதன் மேல் ரெக்சின், பசை, நூல் என்று மூன்றையும் ஏற்றிவிட்டால் எந்த இடத்தில் எப்போது கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பை தாமதமாக வரலாம், கோணலாக வரலாம், மூடியே பெயர்ந்து முகத்துக்கு வரலாம்.

விலை கூடின கார்களில் கம்பெனியே நடு மூடிக்கும் லெதர் போட்டுத் தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறார்கள்தான். ஆனால் அங்கே தோலையும் பின்பக்கம் அளவு வைத்துக் கீறி, கிழிய வேண்டிய இடத்தில் அதற்கேற்ற மாதிரி பலம் குறைத்து, அப்படிச் செய்த மூடிகளை வெடிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். என்னிடம் ஊசி இருக்கிறது, நூல் இருக்கிறது, வெடிக்க வைத்துப் பார்க்கும் வசதி இல்லை. அதனால் யார் எவ்வளவு கொடுத்தாலும் நடு மூடியை நான் தைப்பதில்லை, நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள். கல் பதித்த எம்பளம், சின்னச் சாமி படம், ஸ்டிக்கர் எதையும் அங்கே ஒட்டவும் வேண்டாம். வெடிக்கும்போது அது நேராக உங்களை நோக்கித்தான் பறக்கும். சாமி படத்துக்கு டேஷ்போர்டில் வேறு இடம் பார்க்கலாம், பயணி பக்க ஏர்பேக் மூடியைத் தவிர்த்து.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளிலும் நிறையவற்றில் இருக்கிறது. மூடியில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சிவப்பு ரெக்சின் வண்டிக்கு வருகிறேன். பிய்த்து எடுத்துவிடுங்கள் அண்ணா என்றார். பிய்க்கலாம், ஆனால் பசையை எடுக்கத் தின்னர் போட்டால் பிளாஸ்டிக் கெடும், ஏற்கெனவே ஊசி எங்கெல்லாம் இறங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி மாற்றிக்கொண்டு வாருங்கள், செலவு அதிகம்தான், அப்புறம் வளையத்தை நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பழைய இரும்புக் கடையில் கழற்றி விற்கிற ஏர்பேக்கை வாங்கிவிடாதீர்கள் என்றும் சொன்னேன், அது எந்த வண்டியில் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மூன்று வாரம் கழித்து மாற்றிக்கொண்டு வந்தார்.

இனி கழற்றும் விஷயம். முழு வளையத்தையும் ஒழுங்காகத் தைக்க ஸ்டீயரிங்கை வெளியே எடுப்பதுதான் நல்லது, அதற்கு ஏர்பேக்கைக் கழற்றியாக வேண்டும். இதில்தான் அவசரம் கூடாது. பேட்டரியின் மைனஸ் வயரை எடுத்த பிறகும் ஏர்பேக் யூனிட்டுக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நான் எந்த வண்டியானாலும் 15 நிமிடம் விடுகிறேன். பேட்டரி வயரைக் கழற்றின கையோடு ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைப் பிடுங்குகிற ஆளைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய ஏர்பேக்கை மேஜையில் மூடி மேல்நோக்கி இருக்கும்படிதான் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து வெடித்தால் யூனிட் முழுசாக மேலே பாயும்.

பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று இருக்கிறது, நாடா மாதிரி தட்டையான வயரைச் சுருட்டி வைத்த வட்டப் பெட்டி. ஹாரன், பட்டன்கள், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தொடர்பு அது வழியாகத்தான். சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் கழற்ற வேண்டும். அந்தப் பெட்டியைச் சும்மா சுற்றி விளையாடிவிட்டு மாட்டினால் முதல் முழு வளைவிலேயே நாடா அறுந்துபோகலாம். ஸ்டீயரிங் தைத்த பிறகு ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று வருகிற வண்டிகளில் நான் பார்த்த வரைக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தோல் விஷயத்துக்கு நம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பக்கத்திலேயே தோல் பதனிடும் ஊர்கள். சென்னையில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். ஸ்டீயரிங்குக்கும் குரோம் உப்பில் பதனிட்ட தோல்தான் சரி, பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டதைவிட வெப்பத்துக்குச் சுருங்காமல் தாங்கும். 2018-ல் அரிசோனாவில் செய்த ஆய்வு ஒன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் ஸ்டீயரிங் சராசரியாக 53 டிகிரி செல்சியஸ் வரை சூடானது. நம் சித்திரை வெயிலும் லேசுப்பட்டதல்ல.

கனம் 1 மில்லிமீட்டரிலிருந்து 1.2 வரை இருந்தால் போதும். ஜாக்கெட் தைக்கிற மெல்லிய ஆட்டுத்தோல் தொட்டால் மெத்தென்று இருக்கும், கேட்கிறவர்களும் ஆசைப்படுவார்கள், ஆனால் கை வைக்கிற இரண்டு இடத்திலும் சீக்கிரம் மேல்பூச்சு போய்விடும். லெதர் என்று சொல்லி ரெக்சின் போடுகிறார்களா என்று தெரிய வெட்டின ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும், ரெக்சின் என்றால் அடியில் துணி இருக்கும். ரெக்சின் போடுவது தப்பில்லை, ரெக்சின் என்று சொல்லி அதற்கான விலைக்குப் போட வேண்டும். அல்காண்டரா கேட்டும் சிலர் வருகிறார்கள், அது தோலே இல்லை, செயற்கை இழை. கை வியர்க்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை, எண்ணெயும் வியர்வையும் ஏறி மினுமினுவென்று படிந்துவிடும்.

அளவு எடுப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. வளையத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டி, தையல் வர வேண்டிய கோட்டை வரைந்து, கத்தியால் அறுத்து எடுத்தால் அந்த ஸ்டீயரிங்குக்கான அச்சு அப்படியே கையில் வந்துவிடும். தோலை அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்ட வேண்டும், இழுத்துத் தைத்தால்தான் சுருக்கம் இல்லாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் முதலில் மெஷினில் ஒரு வரி ஓட்டிவிட்டு, அந்தத் தையலுக்குள் ஊசியை விட்டுக் கையால் இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறோம். இரண்டு பக்கமும் தையல் எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் பாதி வளையம் தாண்டும்போது கோடு சாய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூல் நைலானோ பாலியஸ்டரோ இருக்கட்டும், பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். நிதானமாகச் செய்தால் ஒரு ஸ்டீயரிங் எனக்கு அரை நாளுக்கு மேல் எடுக்கும்.

உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தடிமனாக்கச் சொல்பவர்களுக்கு ஒன்று. கை சின்னதாக இருப்பவர்களுக்குத் தடித்த வளையத்தில் பிடி கிடைக்காது, வீட்டில் வேறு யாரும் ஓட்டுகிறார்களா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள். புது வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாரா என்று உணர்கிற சென்சார் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது, அதன் மேல் ஸ்பாஞ்சும் கனமான தோலும் போனால் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். அந்த மாதிரி வண்டியென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தைப்பதற்குப் பதில் மாட்டுகிற கவரே போதும் என்றால் போடலாம், ஆனால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருகிப் பாருங்கள். வளையம் நிற்க, கவர் மட்டும் சுழன்றால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். அவசரமாகத் திருப்ப வேண்டிய இடத்தில் அந்தக் கொஞ்ச வழுக்கல் போதும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது சாவியைப் போட்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் கோளாறு, எரியவே இல்லை என்றாலும் கோளாறு, விளக்கையே பிடுங்கிவிட்டு அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஹாரன், பட்டன் எல்லாம் அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், நேர் சாலையில் ஓட்டும்போது ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் திரும்ப வந்து மாட்டச் சொல்வது உங்கள் உரிமை.

அப்புறம் சானிடைசர். 2020-க்குப் பிறகு என்னிடம் வருகிற ஸ்டீயரிங்குகளில் நிறைய அதனால் கெட்டவை. அதில் இருக்கிற ஆல்கஹால் தோலின் மேல்பூச்சைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். கையில் தேய்த்தால் நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள். துடைக்க மென்மையான சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்துகொண்டால் போதும், பளபளப்புக்கு விற்கிற டேஷ்போர்டு பாலிஷை மட்டும் அங்கே தடவாதீர்கள், வழுக்கும்.