பற்றுக்கோடு: 'ஆன்மீகம்' என்று எழுதுகிற இடத்தில்

உளவளத்துணை (கவுன்சலிங்) பயில்வோருக்கான மேற்பார்வைப் படிவங்களில் 'மதம்/ஆன்மீகம்' என்று ஒரே கட்டம் போட்டுவிடுகிறார்கள். திருகோணமலையில் அதற்குள் வந்து விழுவது 'சைவம்', 'இஸ்லாம்', 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கம்) என்ற ஒற்றைச் சொல். அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது.

முதலில் எழுத்து: வைதிகம், லௌகிகம் போல 'ஆன்மிகம்' என்று குறிலே சரி. ஆங்கில மூலச்சொல்லான 'ஸ்பிரிச்சுவாலிட்டி', மூச்சு என்னும் பொருளுள்ள லத்தீன் 'ஸ்பிரிட்டுஸ்' வழி வந்தது. சமயம் கோயிலும் நூலும் சடங்குமாகப் பலர் கூடிக் காப்பது. ஆன்மிகமோ, இடி விழுந்த நாளில் ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது.

ஆன்மா உண்டென்று ஒப்புக்கொண்ட பிறகுதான் 'ஆன்மிகம்' என்ற சொல்லுக்குள் நுழையவே முடியும். சைவருக்கு இடறில்லை, அவர்கள் சொல்லும் பதி (இறைவன்), பசு, பாசம் (கட்டு) மூன்றில் பசுவே ஆன்மா. எங்கள் மாவட்டத்துச் சேருவிலப் பௌத்தருக்கோ அனாத்மம், அதாவது ஆன்மா இல்லை என்பது, அடிப்படைக் கொள்கை. முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவில் 'ஈமான்' (இறைநம்பிக்கை) என்றால் உடனே விளங்கும். கடவுளை நம்பாதவருக்கு அந்தக் கட்டமே பூட்டிய கதவு. சிலர் 'ஆவிக்குரிய' என்று பெயர்க்கிறார்கள். தேவாலயத்துக்கு வெளியே அது பேயைத்தான் நினைவூட்டும். அகராதியில் கண்டதை வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். உளவளத்துணை தேடி வருபவருக்குத் 'துணைநாடி' என்ற நல்ல சொல் இருக்க 'வாடிக்கையாளர்' என்று எழுதுவதும் இதே கைதான்.

உளவளத்துணையில் ஆன்மிகம், சமயம் பற்றிய அமெரிக்காவின் அசர்விக் (ASERVIC) அமைப்பு உளவளத்துணையாளருக்கு வகுத்த 14 தகைமைகளில் முதலாவதே, சமயத்துக்கும் ஆன்மிகத்துக்குமுள்ள ஒற்றுமை வேற்றுமையை விளக்கத் தெரிய வேண்டும் என்பது. நாத்திகமும் அதில் அடக்கம். இத்தனை பேருக்கும் தோதான சொல் நம்மிடமே உண்டு: பற்றுக்கோடு. கோடு என்றால் கொம்பு, கிளை. பற்று விடவேண்டியதல்லவா என்று தடுப்பவர்கள் 350ஆம் குறளைப் பார்க்கலாம். பற்றை விடுவதற்கே ஒன்றைப் பற்றச் சொல்கிறது.

கடலில் கணவனை இழந்த ஒரு பெண், "நேர்த்தி முடிக்காததாலதான் இப்படி" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பயிலுநர் வழுக்கும் இடங்கள் மூன்று. பேச்சை மாற்றுவார். "அம்மாள் அப்படிச் செய்யமாட்டா அக்கா" என்று தன் நம்பிக்கையை அவள் கையில் திணிப்பார். அல்லது நோய்க்குறி என்று குறித்துவைப்பார். மேற்பார்வையாளர் முதலில் கேட்க வேண்டியது: "அவ அதைச் சொல்லேக்க உங்களுக்குள்ள என்ன நடந்தது?" அது வெளியே வந்த பிறகு: "அவவுக்கு அந்த நேர்த்தி பற்றுக்கோடா, பாரமா?" இந்தக் கேள்வியை 'ஆன்மிகம்' வைத்துக் கேட்டுப் பாருங்கள், வாக்கியமே நிற்காது. இரண்டுமாகவும் இருக்கலாம், அதைப் பயிலுநர் ஊகிக்காமல் அடுத்த அமர்வில் அவளிடமே கேட்க வேண்டும்: "இவ்வளவுக்குள்ளயும் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?"

படிவத்தில் கட்டத்தை இரண்டாக்குங்கள். 'சமயம்' என்பதற்கு ஒரு சொல் எழுத இடம் போதும். 'பற்றுக்கோடு' என்பதற்கு நாலு வரியாவது விடுங்கள்.