நூறு நியூட்டனுக்கு ஒரு லீற்றர்: படகு இழுக்கும் கெப் எங்கே எண்ணெய் குடிக்கிறது?

வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ ஒரு பைபர் படகை டிரெயிலரில் ஏற்றி டபுள் கெப்பின் பின்னால் மாட்டினால், தனியே ஓடும்போது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் போன வாகனம் 9க்கோ 8க்கோ இறங்கிவிடும். உடனே கராஜுக்குப் போய், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அது தேட வேண்டிய இடமே அல்ல. எஞ்சின் தன்னிடம் கேட்ட வேலையைத்தான் செய்கிறது. கேட்பவை காற்று, டயர், ஏற்றம், இறுகிய பிரேக் போன்றவை. எது எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நல்ல டர்போ டீசல் எஞ்சின் தனக்குத் தோதான சுமையில் ஓடினால் இதில் 40 சதவீதத்தை நெருங்கும் அளவை இயக்கமாக மாற்றும். அன்றாட ஓட்டத்துக்கு 30 சதவீதம் என்று வைப்பதே நியாயம். மிச்சம் ரேடியேட்டராலும் புகைக்குழாயாலும் வெப்பமாகப் போகிறது. கியர்பெட்டியிலும் டிபரன்ஷலிலும் கழிவதையும் எடுத்துவிட்டால் சில்லுக்கு வந்து சேர்வது சுமார் 10 மெகாஜூல். 100 நியூட்டன் (ஏறத்தாழ பத்துக் கிலோ எடையைத் தூக்கும் விசை) எதிர்ப்பை மீறி 100 கிலோமீற்றர் போகத் தேவைப்படுவதும் அதே 10 மெகாஜூல்தான். ஆகவே வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஒவ்வொரு 100 நியூட்டனுக்கும் 100 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் செலவு. இனி வரும் எல்லாவற்றையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்.

இரண்டு தொன் எடையுள்ள கெப், சரியான காற்றுள்ள டயரோடு நல்ல தார் வீதியில் உருள்வதற்கு 235 நியூட்டன் அளவில் வேண்டும். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வழமையான கெப் ஒன்றுக்கு மணிக்கு 60 கிலோமீற்றரில் சுமார் 180 நியூட்டன், 80இல் 315, 100இல் 490. படகு, வெளியிணைப்பு எஞ்சின், டிரெயிலர் எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்றால் அதன் டயர்கள் இன்னொரு 100 நியூட்டனைக் கேட்கும். கெப்பின் கூரைக்கு மேலாலும் பக்கங்களாலும் படகு வெளியே நீண்டிருக்கும் அளவுக்குக் காற்றும் கூடுதலாகக் கேட்கும். கட்டாமல் விட்ட தறப்பாள் படபடத்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். எல்லாவற்றையும் கூட்டினால், 60இல் போகாமல் 80இல் போவதற்கு 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றர் கூடுதல். மிச்சமாவது 25 நிமிடம்.

எதிர்ப்பு இரட்டிப்பானால் எண்ணெயும் அப்படியே இரட்டிப்பாவதில்லை. குறைந்த சுமையில் டீசல் எஞ்சின் தன் சொந்த உராய்வுக்கே எண்ணெயில் பெரும் பங்கைக் கொடுக்கிறது. சுமை ஏறும்போது அந்தப் பங்கு சுருங்கி எஞ்சினின் திறன் உயரும். படகு இழுக்கும் கெப்பின் கணக்கு நாம் பயப்படும் அளவுக்கு மோசமாகாததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பக்கத்தில் பலர் கணக்கில் எடுக்காத ஒன்று கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. காற்றின் எதிர்ப்பைத் தீர்மானிப்பது வேகமானியில் காட்டும் எண் அல்ல, வாகனத்தில் வந்து மோதும் காற்றின் வேகம். 60இல் போகும் வாகனத்துக்கு எதிரே 25 கிலோமீற்றர் வேகத்தில் கச்சான் அடித்தால், காற்றைப் பொறுத்தவரை அது 85இல் போகிறது. 180 நியூட்டன் 360 ஆகிவிடும். செங்கலடியிலிருந்து கரடியனாறு தாண்டி மகாஓயாப் பக்கம் போகும் ஏ5 வீதி தென்மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது, அதாவது கச்சானின் வாய்க்குள்ளே. ஆனி, ஆடியில் அந்தப் பாதையில் படகு கொண்டு போவதென்றால் விடியற்காலையில் வெளிக்கிடுவது நல்லது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் நின்று தள்ளும். அதனால் ஒரு வழிப் பயணத்தை மட்டும் அளந்து வாகனத்தைக் குறை சொல்லக் கூடாது. கரையோர வீதியில் கச்சான் பக்கவாட்டில் அடிக்கும். அங்கே எண்ணெயைவிட டிரெயிலர் ஆடுவதுதான் பெரிய பிரச்சினை. மொத்த டிரெயிலர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர வேண்டும். 700 கிலோவுக்கு 70 கிலோ. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசைக் கொக்கி உயரத்துக்குக் கட்டை அடுக்கி அதன் மேல் வைத்தே இதை நிறுத்துவிடலாம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை சமதரை. ஆனால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊருக்கு ஊர் நின்று எடுக்க வேண்டும். கெப்பும் டிரெயிலருமாக 2,700 கிலோ எடையை நிறுத்தத்திலிருந்து 60க்குக் கொண்டுவர 375 கிலோஜூல் வேண்டும். அது முழுவதும் அடுத்த பிரேக்கில் சூடாகிப் போகும். இப்படி 27 தடவை நின்று எடுத்தால் ஒரு லீற்றர். முன்னே பஸ் நிற்பதைக் கண்ட உடனேயே காலை எடுத்து, கியரிலேயே உருள விட்டால் இதில் நல்ல பங்கு மிஞ்சும். இப்போதைய கொமன் ரெயில் (உயரழுத்தத்தில் கணினி கட்டுப்படுத்தித் தெளிக்கும்) டீசல் எஞ்சின் கியரில் உருளும்போது எண்ணெய் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் நியூட்ரல் சிக்கனம் என்பது பழைய காலத்து நம்பிக்கை. பின்னால் டிரெயிலர் இருக்கும்போது அது ஆபத்தும்கூட. ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கடல் மட்டத்திலிருந்து பதுளையின் 680 மீற்றர் உயரத்துக்கு அந்த 2,700 கிலோவைத் தூக்க மட்டும் 1.8 லீற்றர் கூடுதல்.

இனி, கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் குடிக்கும் இடம்: டிரெயிலரின் ஹப், அதாவது பெயரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி. உப்புத் தண்ணீருக்குள் இறங்கும் டிரெயிலரில் பிரேக் சப்பாத்தும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து, பிரேக் முழுதாக விடாமல் இலேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 50 நியூட்டன் உரசல் என்று வைத்தாலும் இரண்டுக்கும் 100, அதாவது ஒரு லீற்றர். கெப் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 60இல் போகும்போது ஒவ்வொரு டிரம்மிலும் 800 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சில்லுக்குள் வைத்தது போல. பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடியதும் இறங்கி, புறங்கையை ஹப்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால், ஜக் வைத்துத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். நல்ல சில்லு தள்ளிவிட்டால் சில சுற்றாவது தானாகச் சுற்றும்.

பெயரிங்கின் கதை இன்னும் நுட்பமானது. ஓடிச் சூடான ஹப்பை உடனே தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, எண்ணெய்ச் சீலைத் தாண்டி உப்பு நீரை உறிஞ்சிக்கொள்ளும். வாவித் தண்ணீரும் உவர்தான், அது தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். கிறீஸ் பால் நிறமாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்; பெயரிங்கின் உருளைகளில் துருக்குழி விழத் தொடங்கியிருக்கும். இறக்குவதற்கு முன் அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீரைத் தாங்கும் கிறீஸையே அடையுங்கள். கழற்றிப் பூட்டும்போது நடக்கும் பிழை, நட்டை அளவுக்கு மேல் இறுக்குவது. சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கால் சுற்று அளவில் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசிப் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். உள்ளூரில் ஒட்டிச் செய்த டிரெயிலர்களில் அச்சின் நேரையும் பாருங்கள்: கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளவுநாடா பிடித்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் கூடினால் டயர் உருளாமல் சரிந்து தேய்ந்துகொண்டு போகிறது.

மணலில் படகு இறக்கும் இடங்களில் டயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பது சரியான வேலை, புதையாமல் வரலாம். திரும்பக் காற்றடிக்காமல் தார் வீதியில் ஏறுவதுதான் பிழை. காற்று பாதியானால் உருளல் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காவது கூடும். கெப்புக்கு மட்டும் அது 80 நியூட்டன் அளவு. டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும் அபாயம் வேறு. சரியான அளவு சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய எண் அது.

கியர் விடயத்தில் எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 முதல் 2,200 சுற்றுக்குள் வைத்திருங்கள். சிக்கனம் என்று நினைத்து 1,300இல் பெரிய கியரில் திணறவிட்டால், டர்போவிலிருந்து போதிய காற்று வராமல் கரும்புகை தள்ளும். அந்தப் புகை எரியாத எண்ணெய். ஓட்டோ கியர் வாகனம் ஏற்றத்தில் 5க்கும் 4க்கும் மாறி மாறி அல்லாடினால் 4இல் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும், எஞ்சினைக் கியர்பெட்டியோடு இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரின் பூட்டு விடுபட்டுக் கியர் எண்ணெய் சூடாகிறது.

சரியான சுற்றிலும் சுமையில் கரும்புகை வருகிறது, கூடவே உஸ் என்ற சத்தமும் கேட்கிறது என்றால் இன்ஜெக்டரைத் தொட முன், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். அம்பாறைப் பக்கத்தில் வெட்டுக் காலத்தில் வயல் வழியே ஓடும் வாகனங்களுக்கு எயார் பில்டர் கிலோமீற்றர் கணக்கில் நிரம்புவதில்லை. வைக்கோல் தூசியில் சில வாரத்திலேயே அடைத்துவிடும். சுப்பர் டீசல் அடித்தால் கிலோமீற்றர் கூடும் என்பது வீண் நம்பிக்கை. லீற்றருக்குள்ள ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். கந்தகம் குறைவு என்பதே அதன் பயன். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இரண்டு பக்கமும் நட்டம்: ஆற்றலும் சற்றுக் குறைவு, உயரழுத்தப் பம்பை வழுக்கும் தன்மையும் குறைவு.

எண்ணெய்ச் செலவை அளப்பதென்றால் ஒரே எரிபொருள் நிலையத்தில், ஒரே பம்பில், வாகனத்தை ஒரே பக்கம் பார்த்து நிறுத்தி, முதல் தடவை பம்ப் தானாக நிற்கும் வரை அடித்து, 300 கிலோமீற்றராவது ஓடிய பின் மறுபடி அப்படியே அடியுங்கள். டயரை 245/70 ஆர்16இலிருந்து 265/70 ஆர்16க்கு மாற்றியிருந்தால் கிலோமீற்றர் மானி உண்மைத் தூரத்தைவிட 3.6 சதவீதம் குறைவாகக் காட்டும். விடையை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.