பதிவான உயிலும் வழக்கில் தோற்பது ஏன்?

"ரிஜிஸ்டர் பண்ண உயில் சார், யாராலும் அசைக்க முடியாது" என்ற நம்பிக்கையோடுதான் பலர் உயில் வழக்குக்கு வருகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. இன்ன தேதியில் இன்னார் சார்பதிவாளர் முன் ஆஜராகி, இந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார் என்பதற்குப் பதிவு நல்ல சான்று. ஆனால் அதனாலேயே உயில் நிரூபணமாகிவிட்டது என்று ஆகாது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. முத்திரைத் தாளும் வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் எழுதிய உயில் ஜெயித்திருக்கிறது. பதிவான உயில் தோற்றிருக்கிறது. ஜெயிப்பதா தோற்பதா என்பது பெரும்பாலும் உயிலில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளைப் பொறுத்தது.

இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும் அடிப்படை விதி, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. (இஸ்லாமியர்களின் உயிலான 'வசியத்'துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதற்கு எழுத்து வடிவமே அவசியமில்லை. வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது.) 63ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். உயில் எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவரே அந்தச் சாட்சியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தால் நல்லது என்று அனுபவம் சொல்கிறது.

கிரயப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பார். கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் இருக்க மாட்டார். அதனால்தான், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் சாட்சி சொல்லும் நிலையிலும் இருந்தால் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 67ஆம் பிரிவு. பதிவான மற்ற ஆவணங்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. எழுதிக் கொடுத்தவர் குறிப்பாக மறுக்காவிட்டால் சாட்சியை அழைக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை உயிலுக்குக் கிடையாது. புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு மனுப் போட்டாலும் சரி, பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக உயிலைக் காட்டினாலும் சரி, நிரூபிக்கும் முறை ஒன்றுதான்.

30 வருடப் பழைய ஆவணம், அதனால் உண்மை என்று அனுமானிக்க வேண்டும் என்ற வாதமும் உயிலுக்கு எடுபடாது. 2008-இல் பர்பூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இனி, கூண்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாட்சியின் முதல் விசாரணை இப்போது நிரூபண வாக்குமூலமாகத்தான் (சத்தியம் செய்து எழுத்தில் தருவது) தாக்கலாகிறது. "மேற்படி உயிலில் நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று ஒரே வரியில் அதை முடித்து வைத்தால் வழக்குக்கு அங்கேயே குழி தோண்டியாகிவிட்டது. உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன். அவர் முன்னிலையில் நான் கையெழுத்திட்டேன். மற்றொரு சாட்சியும் அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தார். அந்தச் சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டார். இந்த நான்கும் தனித்தனியாக வர வேண்டும். பின்னிரண்டும்தான் அடிக்கடி விட்டுப்போகின்றன. ஒரு சாட்சியை விசாரித்தால் போதும் என்றாலும், அந்த ஒருவர் மற்றவருடைய சாட்சிக் கையெழுத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவரால் முடியாவிட்டால் இரண்டாம் சாட்சியையும் கூப்பிட வேண்டும். 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில், முதல் சாட்சி இதைச் சொல்லாமல் விட்டார், இரண்டாம் சாட்சி இருந்தும் அழைக்கப்படவில்லை. உயில் நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்தது.

குறுக்கு விசாரணையில் வரும் கேள்விகள் சாதாரணமாகத்தான் இருக்கும். உங்களைக் கூப்பிட்டது யார்? எத்தனை மணிக்குப் போனீர்கள்? உயிலை யார் வாசித்தார்கள்? மொத்தம் எத்தனை பக்கம்? பெரியவர் கண்ணாடி போட்டிருந்தாரா? உங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டது யார்? பதினைந்து வருடம் கழித்து இதெல்லாம் அச்சுப் பிசகாமல் நினைவிருக்கும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பதில்லை. சின்னச் சின்ன முரண்பாடுகளால் உயில் விழாது. விழ வைப்பது வேறு வகைப் பதில். "நான் போகும்போதே அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்" என்று சாட்சி சொன்னால் எதிர்த்தரப்பு சந்தோஷப்படும். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. "இது என் கையெழுத்துதான், நீங்களும் போடுங்கள்" என்று பெரியவர் அந்தச் சாட்சியிடம் சொல்லியிருந்தால் அதுவே போதும். அதை வாக்குமூலத்தில் எழுதியிருக்க வேண்டும். "நான் கையெழுத்துப் போடும்போது அவர் வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்" என்பதை மீட்பதுதான் மிகக் கஷ்டம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் தினமும் நடப்பதும் அதுதான். நடக்க முடியாத பெரியவர் காரில் இருப்பார். ஆவண எழுத்தரின் மேசையில் யாரோ இரண்டு பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தவறாகவே தெரியாது.

ஆவண எழுத்தர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அவரைச் சாட்சியாகக் கொள்ளலாமே என்று கேட்பார்கள். முடியாது. உயிலைத் தயாரித்தவர் என்ற முறையில் போடும் கையெழுத்து வேறு, சாட்சியாக நின்று போடும் கையெழுத்து வேறு. 2001-இல் கமலம் எதிர் அய்யாசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. சார்பதிவாளரும், அவர் முன் "இவர் இன்னார்தான்" என்று அடையாளம் காட்டுபவர்களும் அப்படித்தான். தங்கள் கடமைக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள். சாட்சி என்ற எண்ணத்தோடு போட்டதாகத் தனியே நிரூபித்தால் ஒழிய அவர்கள் 63ஆம் பிரிவின் சாட்சிகள் ஆக மாட்டார்கள்.

ஆகவே சாட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு, சொத்து விவரம் எழுதுவதற்குச் செலவிடும் அளவு நேரத்தையாவது செலவிடுங்கள். உங்களைவிட வயதில் இளையவராக இருக்கட்டும்; 70 வயதுக்காரர் தன் 72 வயது நண்பரைச் சாட்சியாகப் போடுவதில் அர்த்தமில்லை. நிலையான முகவரி உள்ளவராக, உங்களைப் பல வருடமாகத் தெரிந்தவராக, சொத்தில் எந்தப் பங்கும் இல்லாதவராக இருக்கட்டும். குடும்ப மருத்துவர், அண்டை வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர் எல்லாம் நல்ல தேர்வு. ஆவண எழுத்தர் கடையில் கிடைக்கும் ஆளை மட்டும் ஏற்காதீர்கள். அவரைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது; கண்டுபிடித்தாலும் "ஒரு நாளைக்குப் பத்துப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போடுவேன், இது ஞாபகமில்லை" என்பார். சாட்சிகள் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி ஆகியவற்றை டைப் அடிக்க விடாமல் தங்கள் கையாலேயே எழுதட்டும். இதன் பயன் கடைசியில் வரும்.

கிறிஸ்தவர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். சாட்சிக்கோ, சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கொடை மட்டும் செல்லாது (வாரிசுரிமைச் சட்டம், 67ஆம் பிரிவு). திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தால் ரத்தாகிவிடும் (69ஆம் பிரிவு). இந்துக்களுக்கு இந்த இரண்டு பிரிவுகளும் பொருந்தாது. ஆனாலும் சொத்துப் பெறும் மருமகனே சாட்சியாக நின்றால் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்ற இந்தச் சொல்லை வைத்துத்தான் பாதி வாதம் நடக்கிறது. 1958-இல் தீர்ப்பான வெங்கடாசல ஐயங்கார் வழக்கு இதற்கு அடித்தளம். சந்தேகம் எழுந்தால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, காரணமில்லாமல் ஒதுக்கப்பட்ட மனைவி அல்லது மகள், பயன்பெறும் மகனே எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியது ஆகியவை வழக்கமாக வருபவை. கடைசியாகச் சொன்னது தவிர்க்கக்கூடியது. ஆவண எழுத்தரிடமோ வக்கீலிடமோ விவரம் சொல்வது உயில் எழுதுபவராகவே இருக்கட்டும். மகன் காரோட்டி அழைத்து வரலாம். அதன்பின் வெளியே காத்திருக்கட்டும்.

ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுவது குற்றமல்ல. வாரிசு முறையை மாற்றத்தானே உயிலே எழுதுகிறோம். ஆனால் ஒதுக்கப்பட்டவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு வரிக் காரணம் எழுதுங்கள்: "என் மூத்த மகளுக்கு அவள் திருமணத்தின்போதே என் சுயசம்பாத்தியத்தில் வீட்டுமனை வாங்கிக் கொடுத்துவிட்டபடியால்" என்பது போல. திட்டியோ பழித்தோ எழுத வேண்டாம். ஒரு மகள் இருப்பதையே உயில் சொல்லாமல் விட்டால், எழுதியவருக்குச் சுயநினைவு இருந்ததா என்ற கேள்வி தானாக வரும். "நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும்" என்று எல்லா உயிலும்தான் தொடங்குகிறது. அந்த வரிக்கு மட்டும் நீதிமன்றம் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. உடல்நலக் குறைவு இருந்தால், தொடர்ந்து வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் அதே நாளில் சான்றிதழ் வாங்குங்கள். அவரையே ஒரு சாட்சியாகவும் வைத்தால் இன்னும் பலம். மருத்துவரைக் கூண்டில் ஏற்றாமல் சான்றிதழை மட்டும் நீட்டினால் அதற்குப் பலமில்லை.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள் மட்டும் இருந்து, சொத்து யாருக்கு என்ற வாசகம் முழுக்க முந்தைய பக்கங்களில் இருந்தால், "வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து, முன்பக்கங்களை மாற்றிவிட்டார்கள்" என்று வாதிடுவார்கள். கையெழுத்துக்கு மேலே வரிகள் நெருக்கியடித்து இருந்தாலும் இதே குற்றச்சாட்டு வரும். சொத்தைக் கொடுக்கும் பத்தியின் கடைசி சில வரிகளாவது கையெழுத்துப் பக்கத்தில் விழும்படி அமையுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தின் ஓரத்தில் எழுதியவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி திருத்தம் செல்லாது. வழக்கமாகக் கையெழுத்துப் போடுபவர் பக்கவாதத்தாலோ கை நடுக்கத்தாலோ கைநாட்டு வைத்தால் அந்தக் காரணத்தை உயிலிலேயே எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், யார் படித்துக் காட்டியது என்பதையும் பெயரோடு எழுதுங்கள்.

வீடியோ எடுக்கலாம். அது துணைச் சான்று மட்டும்தான். சாட்சிக்குப் பதிலாக நிற்காது. மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் அதோடு தேவைப்படும் என்பதால், எடுத்த போனையும் அசல் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உள்ளடக்கம் அவருடைய அந்தரங்கம். சட்டமும் அதை மதிக்கிறது: பதிவான உயில் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறுகிறது, வில்லங்கச் சான்றில் தெரியாது, அவர் இருக்கும்வரை அவரோ அவரது முகவரோ தவிர வேறு யாரும் நகல் வாங்க முடியாது. பதிவு அலுவலகத்துக்கும் தெரியக் கூடாது என்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி பதிவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாத நல்ல ஏற்பாடு இது.

எழுதியவர் காலமானபின் முதலில் தேட வேண்டியது அசல் உயிலையும் சாட்சிகளின் இன்றைய முகவரியையும். சாட்சி படுத்த படுக்கையாக இருந்தால் வழக்கு விசாரணைக்கு வரும் நாள்வரை காத்திருக்காதீர்கள். வீட்டிலேயே சாட்சியம் பதிய வக்கீல் கமிஷனர் நியமிக்க உடனே மனுப் போடுங்கள். இரண்டு சாட்சிகளும் இறந்திருந்தாலும் வழி உண்டு. உயில் எழுதியவரின் கையெழுத்து அவருடையதே என்றும், ஒரு சாட்சியின் கையெழுத்தாவது அவருடையதே என்றும் நிரூபிக்க வேண்டும் (புதிய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவு). சாட்சி தன் கையால் எழுதிய பெயரும் முகவரியும் இங்கேதான் கைகொடுக்கும். அவரது எழுத்தைப் பழகித் தெரிந்த மகனோ சக ஊழியரோ பார்த்து அடையாளம் சொல்லலாம். அதே காலத்தில் அவர் கையெழுத்திட்ட வங்கிப் படிவம், கிரயப் பத்திரம், பணிப் பதிவேடு இருந்தால் ஒப்பிடவும் உதவும்.

உயில் எழுதியவர் இன்னும் நலமாக இருந்து, சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். பழைய உயிலின் தேதியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, அதை ரத்து செய்வதாக ஒரு வரி சேர்த்து, அதே வாசகத்தில் புதிய உயில் எழுதி, புதிய சாட்சிகள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பழையது பதிவாகியிருந்தாலும் புதியதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை; கடைசியாக எழுதிய உயில்தான் நிற்கும்.