விளக்கெண்ணெயில் ஏன் விஷம் இல்லை?

ஆமணக்கு முத்தில் ஏறக்குறைய பாதி எண்ணெய். வயிறு சுத்தமாகக் குடித்ததும் தலையில் தேய்த்ததும் விளக்கில் ஊற்றியதும் அதைத்தான். மீதியில் ரிசின் இருக்கிறது. தாவரங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றுள் அதுவும் ஒன்று. அப்படியென்றால் எண்ணெயில் மட்டும் அது ஏன் இறங்குவதில்லை?

ரிசின் ஒரு புரதம். தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் ஆட்டும்போது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் நல்ல சூடு பட்டால் செயலிழந்துவிடும். முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை அள்ளி எடுக்கும் பழைய முறையில் இந்த இரண்டு காப்பும் இருந்தன.

ரிசின் வேலை செய்யும் விதம்தான் மிரளவைக்கிறது. அதில் இரண்டு புரதச் சங்கிலிகள். ஒன்று, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். உயிரணு ஏமாந்து நஞ்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் மற்றொரு சங்கிலி பிரிந்து ரைபோசோமிடம் போகிறது. உயிரணுவுக்கு வேண்டிய புரதம் உருவாவது அங்கேதான். ரைபோசோமிலுள்ள ஆர்என்ஏ என்ற நீள மூலக்கூறில் ஆயிரக்கணக்கான அலகுகள் இருந்தாலும், ஒரேயொரு இடத்திலுள்ள அடினைன் என்ற பகுதியை மட்டும் ரிசின் கழற்றுகிறது. இதை 1987இல் ஜப்பானின் யயேத்தா எண்டோவும் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அந்த ஒன்று போனால் புரத உற்பத்தி நின்றுவிடும். ஒரு மூலக்கூறே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களைக் கெடுக்க வல்லது.

சரி, செடிக்கும் ரைபோசோம் உண்டே, அது ஏன் சாகவில்லை? செடி ரிசினை முதலில் செயலற்ற ஒரே நீள இழையாகத்தான் தயாரிக்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் சேமிப்பு அறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகே இழை வெட்டப்பட்டு நஞ்சாகிறது.

1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் தொடைக்குள் செலுத்தப்பட்ட குண்டு குண்டூசித் தலையளவுதான். நான்கு நாளில் இறந்தார். அதிலிருந்தது ரிசின் என்றே கருதப்படுகிறது. முத்தைத் தின்பதில் ஆபத்து மெல்வதைப் பொறுத்தது. முழுதாக விழுங்கினால் கெட்டி ஓடு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றால் சில மணி நேரத்தில் வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். மாற்றுமருந்து கிடையாது. அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எண்ணெய் பேதியாக்குவதற்கும் ரிசினுக்கும் தொடர்பில்லை. குடலில் எண்ணெய் செரிக்கும்போது ரிசினோலிக் அமிலம் வெளிவருகிறது. அது குடல் தசையிலுள்ள ஈபி3 என்ற ஏற்பியை, அதாவது உயிரணுவுக்கு வரும் சமிக்ஞையைப் பெறும் புரதத்தை, தூண்டிச் சுருங்கவைக்கிறது என்று 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருப்பதால், கர்ப்பிணிகள் இதைத் தாமாகக் குடிக்கக்கூடாது. கைக்குழந்தைக்குப் புகட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுவதே நல்லது.

பிண்ணாக்கு நல்ல உரம். ஆனால் போதிய சூட்டில் பக்குவப்படுத்தாத பிண்ணாக்கில் நஞ்சு அப்படியே இருக்கும். அதன் வாசத்துக்கு நாய்கள் தேடி வந்து தின்னும். செடித் தொட்டியில் உரமாகப் போடுகிறவர்கள் மண்ணோடு நன்றாகக் கலந்து மூடிவிட்டு, மூட்டையை ஆடுமாடு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.