துளைகளைப் படித்தால் கோளாறு தெரியும்

பாயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குழல்) வேட்டை ரைஃபிளின் குண்டுகள் திடீரென்று குறியில் சிதறி விழத் தொடங்கினால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் குழல் மேல்தான். பெரும்பாலும் அது வீண்பழி. மென்மையான ஈயக் குண்டு எஃகுக் குழலைத் தேய்த்துத் தீர்க்கப் பல்லாயிரம் தோட்டாக்கள் வேண்டும். திருகு, தோட்டா, அழுக்கு என்று தேடிவிட்டுக் கடைசியாகக் குழலுக்கு வரலாம்.

தேடுமுன் ஓர் அளவு வேண்டும். காற்றடங்கிய நேரத்தில், 50 மீட்டர் தொலைவில், ரைஃபிளை முன்னும் பின்னும் மணல்பையில் கிடத்தி ஐந்து ஐந்து தோட்டாவாக நான்கு காகிதங்களில் சுடுங்கள். மூன்று துளைகளை நம்ப வேண்டாம். தற்செயலாகவே ஒட்டி விழும். ஐந்தில் மிகவும் தள்ளிக் கிடக்கும் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரமே கணக்கு. அது 2 முதல் 3 செ.மீ.க்குள் இருந்தால் சாதாரண வேட்டை ரைஃபிளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி காகிதத்தைப் பாருங்கள். துளைகள் இரண்டு தனிக் கூட்டமாக விழுந்திருந்தால் ஸ்கோப்போ (குறிபார்க்கும் தொலைநோக்கி) அதன் பிடியோ நகர்கிறது. சுடச்சுட ஒரே திசையில் நகர்ந்துபோனால், சூடாகும் குழலைக் கட்டை (குழலைத் தாங்கும் மரப்பகுதி) எங்கோ அழுத்துகிறது. மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தோட்டாவின் வேகம் சீராக இல்லை. பக்கவாட்டில் நீண்டால் காற்று, அல்லது விசையை இழுக்கும் விரல்.

திருகைத் தொடுமுன் தோட்டாவை எடுத்துவிட்டு, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு முறுக்கு வழக்கம். கட்டைத் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் அளவே சரி. கட்டையில் உலோகம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றறிய, கட்டையின் முன்நுனியும் குழலும் சந்திக்கும் இடத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு முன்திருகை மெல்லத் தளர்த்துங்கள். குழல் துள்ளி எழுந்தால், அதுவரை வளைந்த நிலையில் இறுக்கப்பட்டிருந்தது என்று பொருள். கட்டையைத் தேய்க்க உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டாம்: சில ரைஃபிள்களில் கட்டைநுனி குழலைத் தாங்கும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள்.

ஸ்கோப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சீரமைக்கப்பட்டது. பாயிண்ட் டூ டூவுக்கானது 50 கெஜத்துக்கு. மாற்றிப் பொருத்தினால், ரைஃபிள் அசையாதபோதும் தலையை ஆட்டினாலே குறுக்குக்கோடு குறியை விட்டு நகர்வது தெரியும்.

அதிகம் ஏமாற்றுவது தோட்டாதான். இதில் தீமூட்டும் மருந்து தோட்டா உறையின் அடிவிளிம்பின் உள்மடிப்பில் இருக்கிறது. அது சுற்றிலும் சமமாகப் பரவாவிட்டால் வேகம் மாறும். ஒரு குண்டு நொடிக்கு 330 மீட்டரிலும் அடுத்தது 345 மீட்டரிலும் புறப்பட்டால், 50 மீட்டரிலேயே ஏறக்குறைய 1 செ.மீ. மேலும் கீழும் விலகும். 100 மீட்டரில் அது சுமார் நான்கு மடங்கு. வேகமான தோட்டாவே நல்லது என்பதும் தவறு. காற்று குண்டைத் தள்ளும் தூரம், பறக்கும் நேரத்தைவிட, வழியில் அது இழக்கும் வேகத்தையே சார்ந்தது. நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, ஒலியின் வேகமான 340-ஐ ஒட்டிய பகுதியில் கடும் தடையைச் சந்தித்து வேகமிழக்கிறது. அதனால் 325-இல் கிளம்புவதைவிட அதிகமாக ஒதுங்குகிறது. நாலைந்து வகை வாங்கிச் சோதிப்பதைவிடப் பலன் தரும் பழுதுபார்ப்பு வேறில்லை. ஆனால் இந்தக் குண்டுகளின் வெளிப்புறத்தில் மெழுகு அல்லது எண்ணெய்ப் பூச்சு இருக்கும். வகை மாற்றியதும் குழலுக்குள் புதுப்பூச்சு படிய 10 முதல் 20 தோட்டா சுட்டுவிட்டு, பிறகே கணக்கெடுங்கள். குழலைத் துடைத்த பின்னும் அப்படியே.

துடைக்கும்போது கம்பியைப் பின்பக்கமாகவே நுழையுங்கள். முன்னாலிருந்து நுழைக்கும் கம்பி குழல்வாயின் உள்விளிம்பை உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால், பின்னாலிருந்து சீறும் வாயு சமமின்றி வெளியேறிக் குண்டைச் சாய்க்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியைக் குழல்வாய்க்குள் விட்டு, விளிம்பைச் சுற்றிலும் வெளிநோக்கி இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பஞ்சிழை சிக்கி நின்றால் பிசிறு அங்கேதான். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து விளிம்பைப் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும்.