ஜன்னலோர மரம் எப்போது பூக்கும்?

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகளின் பிரசவத்துக்காக ஜனவரியிலேயே டொரோண்டோ போனவர். "அங்க குளிர் ஒத்துக்கல டாக்டர், ஒரே சளி" என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஏப்ரல் கடைசியிலாம். கொட்டும் பனியில் நன்றாக இருந்தவருக்கு வெயில் வந்த பிறகா குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகும்?

காய்ச்சல் இல்லை. மூக்கு தண்ணீராய் ஒழுகியிருக்கிறது, கண்ணும் மேல்வாயும் அரித்திருக்கின்றன. ஊரிலிருந்து கொண்டுபோன ஆன்டிபயாடிக்கை இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வாமைக்கு அது துளியும் உதவாது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

பேரன் படங்களைக் கைபேசியில் காட்டினார். ஒன்றில் நிறுத்தச் சொன்னேன். குழந்தைக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு மரம். இலை இன்னும் சரியாக விரியவில்லை; கிளையெல்லாம் நூல் நூலாகக் குஞ்சம் தொங்கியது. மானிட்டோபா மேப்பிள், அதிலும் ஆண் மரம். நம் பனை மாதிரி இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் ஆணில்தான். சில மேப்பிள்களுக்குத் தேனீக்கள் வரும். இது காற்றையே நம்பியிருப்பதால் மகரந்தத்தை ஏராளமாகக் கொட்டும். அது மூக்கில் ஏறி வந்த ஒவ்வாமைதான் அந்த அம்மா சொன்ன சளி.

மேப்பிளுக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதம் கிடையாது. குளிர்காலம் முழுக்க உறங்கி, சூடு ஏறிய பிறகே மொட்டு விரியும். அதனால் சிவப்பு மேப்பிள் ஃபுளோரிடாவில் ஜனவரியிலேயே பூத்துவிடும், டொரோண்டோவில் ஏப்ரல் ஆகிவிடும். ஒரே நாட்டுக்குள்ளும் மகன் ஊருக்கும் மகள் ஊருக்கும் மாதக்கணக்கில் வித்தியாசம் வரலாம். நம் ராமநாதபுரம் கரையில் அப்படி உறங்கவைக்கும் குளிர் ஏது? இங்கே தும்மவைக்கும் மரங்களில் சீமைக்கருவேலம் முக்கியமானது. அது வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மஞ்சள் பூ விடும். ஊரில் அதற்குத் தும்மாதவர் அங்கே மேப்பிளுக்குத் தும்மலாம். இரண்டும் வேறு வேறு மகரந்தம்.

காய்ந்து காற்றடிக்கும் பகலில் மகரந்தம் அதிகம் பறக்கும், மழை பெய்தால் அடங்கும். பூக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்துங்கள், துணியை வெளியே உலர்த்தாதீர்கள், படுக்கப்போகும் முன் தலைக்குக் குளியுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பூப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் நல்ல பலன் தரும்.

சரி, அந்த மரம் எப்போது பூக்கும் என்று எப்படித் தெரியும்? அந்த அம்மாவின் படத்தில் தேதி இருந்தது: ஏப்ரல் 28. அதிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணி, ஸ்பிரே தொடங்கும் நாள் ஏப்ரல் 7 என்று மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கூடுதலாக எண்ணியது, அடுத்த வருஷம் சூடு சீக்கிரம் வந்தாலும் வரலாம் என்பதற்காக.